குரல் கொடுப்பதற்கு முன் காது கொடுப்போம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



'குரலற்றவர்களுக்கு இணையத்தில் குரல் கொடுப்பது எப்படி?' இது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. பத்தாண்டுகளுக்கு மேலாக ஒலிவாங்கியைப் பிடித்துக் கொண்டிருப்பவள் என்பதால் என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் செய்த நல்ல காரியங்களைப் பட்டியல் போட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் இன்றைக்கு நான் தவறாகச் செய்த ஒன்றைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். சம்பந்தப்பட்ட அம்மாவின் அனுமதியோடுதான் சொல்கிறேன். அவர் பெயரும் ஊரும் வராது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அடுக்குமாடி வீட்டில் அவரைச் சந்தித்தேன். நாற்பது வயதைத் தாண்டியவர். இரண்டு பிள்ளைகள். கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். காலையில் ஓர் உணவுக்கடையில் பாத்திரம் கழுவுகிறார். அவருக்கு ஐ.சி. கிடையாது. தோட்டத்து லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவர், பெற்றோர் எழுத்தறியாதவர்கள், பிறப்பைப் பதியவில்லை. பிள்ளைகள் மருத்துவமனையில் பிறந்தார்கள், சூராட் பெரானாக் இருக்கிறது. ஆனால் அதில் 'பூக்கான் வார்கா நெகாரா', அதாவது குடிமகன் அல்ல என்று எழுதியிருக்கிறது. தகப்பனார் மலேசியர். ஆனாலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

எனக்கு மனம் தாங்கவில்லை. கைப்பேசியை எடுத்தேன், மூன்று நிமிடம் பேச வைத்தேன். அம்மா அழுதார். பின்னால் சுவர் ஓரத்தில் பெண்பிள்ளை பள்ளிச் சீருடையில் நின்றது. அன்றிரவே என் முகநூல் பக்கத்தில் போட்டேன். இரண்டே நாளில் காணொளி நாடு முழுக்கச் சுற்றியது. அரிசி மூட்டை வந்தது, மைலோ டின் வந்தது, உறையில் பணம் வந்தது. 'சகோதரி, நீங்கள்தான் சமுதாயத்தின் குரல்' என்று எழுதினார்கள். நானும் அதை நம்பினேன்.

ஒரு வாரம் கழித்து அந்த அம்மா அழைத்தார். "தங்கச்சி, அத எடுத்துடும்மா" என்றார். காரணம் கேட்டேன். பள்ளியில் மகளை 'ஐ.சி. இல்லாதவ' என்று கூப்பிடுகிறார்களாம். பிள்ளை இரண்டு நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை. உணவுக்கடை முதலாளியும் காணொளியைப் பார்த்துவிட்டார். ஆவணம் இல்லாத ஆளை வேலைக்கு வைத்தால் தனக்குச் சிக்கல் வரும் என்று நிறுத்திவிட்டார். நான் உடனே அழித்தேன். ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் பதிவிறக்கி, தங்கள் பக்கத்தில் தங்கள் இசையைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். அதை எங்கே போய் அழிப்பது?

பிறகு ஒரு நாள் நேரில் போய் உட்கார்ந்து, முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?" அவர் சொன்னார்: "ஜே.பி.என். போனா என்ன பேசறதுன்னு தெரியல. கூட ஒரு ஆளு வந்தா போதும்."

அவர் அரிசி கேட்கவில்லை. நாட்டு மக்கள் தன் கண்ணீரைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. தேசியப் பதிவிலாகா முகப்பிடத்துக்குத் துணை வர ஓர் ஆள் கேட்டார். ஒரு பாதி நாள் விடுப்பு எடுத்திருந்தால் நான் செய்திருக்கக் கூடிய வேலை அது.

அன்பர்களே, நான் மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள். செய்தி தருபவரின் சம்மதம், அவரது பாதுகாப்பு, மறுதரப்பின் விளக்கம் எல்லாம் எங்களுக்குப் பாடமாகவே இருந்தன. தேர்விலும் எழுதினேன். தொலைக்காட்சியில் ஒரு செய்தி ஒளியேறும் முன் தயாரிப்பாளர் பார்ப்பார், ஆசிரியர் பார்ப்பார், சந்தேகம் வந்தால் வழக்கறிஞரும் பார்ப்பார். சொந்தக் கைப்பேசியில் இவர்கள் யாரும் இல்லை. என் கட்டைவிரல் மட்டும்தான். படித்த நானே இப்படிச் செய்தேன் என்றால், நல்ல மனத்தோடு பகிரும் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை.

அதற்காக இணையமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் நாட்டிலேயே அதன் நன்மையைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

2021 ஜூன் மாதம். முழு முடக்கம். வேலை இல்லை, வீட்டில் உலை இல்லை. அந்த மாதக் கடைசியில் 'பெண்டேரா பூத்தே' என்ற வெள்ளைக்கொடி இயக்கம் சமூக ஊடகத்தில் பரவியது. உதவி வேண்டுமா, வெட்கப்படாதே, வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டு. அவ்வளவுதான் செய்தி. அக்கம்பக்கத்தார் இனம், மதம் பார்க்காமல் கதவைத் தட்டினார்கள். வெள்ளைக்கொடி வீடுகளையும் உணவு வங்கிகளையும் வரைபடத்தில் காட்ட 'சம்பால் எஸ்.ஓ.எஸ்.' என்ற செயலியை இளைஞர்கள் உருவாக்கினார்கள். அந்த இயக்கத்தின் அழகு எது தெரியுமா? கொடியைக் கட்டுவதா வேண்டாமா, எப்போது அவிழ்ப்பது என்பதெல்லாம் அந்த வீட்டுக்காரரின் கையில் இருந்தது. கேவலப்படுத்தாமல் உதவ ஒரு வழி இருந்தது. ஆனால் அதிலும் சிலர், உதவி வாங்குபவரின் கையில் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு 'கொஞ்சம் கேமராவைப் பாருங்க' என்றதும் நடந்தது. சுயமாகக் கட்டிய கொடிக்கும், பிறர் எடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அங்கேயே கற்றிருக்க வேண்டும்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2020 ஜூனில், சபா மாநிலம் பித்தாஸ் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு பல்கலைக்கழக மாணவி, இணையத் தேர்வு எழுத அலைவரிசை கிடைக்காமல் மரத்தின் மேல் ஒரு நாள் தங்கியதைத் தானே படம்பிடித்து யூடியூப்பில் வெளியிட்டார். தன் கதையைத் தானே சொன்னார். சபா உட்புறங்களின் இணைய நிலையை நாடே பேசியது. ஆனால் சில மாதம் கழித்து அது அரசியல் ஆனது. அவருக்குத் தேர்வே இல்லை என்று துணையமைச்சர்களே பேசினார்கள். தேர்வு நடந்தது உண்மை என்று பல்கலைக்கழகம் தெளிவுபடுத்திய பிறகுதான் பின்வாங்கினார்கள், மன்னிப்பும் வந்தது. தானே விரும்பிப் பேசிய, படித்த ஒரு பெண்ணுக்கே இந்த நிலை என்றால், நாம் தள்ளிவிட்டுப் பேச வைக்கும் ஏழைத் தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இன்னோர் எடுத்துக்காட்டு குடியுரிமைப் பிரச்சினையிலேயே இருக்கிறது. வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்கள். தந்தை மலேசியராக இருந்தால் வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு. தாய் மட்டும் மலேசியராக இருந்தால் அது தானாகக் கிடைக்காத நிலை அப்போது இருந்தது. இதை எதிர்த்து ஆறு தாய்மார்களும் 'ஃபேமிலி ஃபிரண்டியர்ஸ்' இயக்கமும் நீதிமன்றம் போனார்கள். 2021 செப்டம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அவர்கள் ஓயவில்லை. வழக்கறிஞர் ஒரு பக்கம், சமூக ஊடகம் ஒரு பக்கம், நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்திப்பது ஒரு பக்கம் என்று தொடர்ந்தார்கள். 2024 அக்டோபரில் மக்களவை அரசமைப்புச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. இணையம் அங்கே ஒரு கருவியாக இருந்தது. என்ன கேட்கிறோம், யாரிடம் கேட்கிறோம் என்பதில் தெளிவு இருந்தது. பேசியவர்கள் விளைவு தெரிந்து, துணையோடு பேசினார்கள்.

இப்போது என் கதைக்குத் திரும்புகிறேன். துணைக்கு ஆள் கேட்டாரே, அந்த வேலையில் இறங்கியபோதுதான் எனக்கு எதுவுமே தெரியாது என்று தெரிந்தது.

நம் சமுதாயத்தில் ஆவணம் இல்லாதவர் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உள்ளே போனால் ஒவ்வொரு கோப்பும் ஒரு தனிக் கதை. 'மைடப்தார்' என்ற பதிவு இயக்கத்தை 2011-இல் நடத்தினார்கள். சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த, 60 வயதைத் தாண்டிய இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று 2018-இல் அறிவிப்பு வந்தது. இருந்தும் பிரச்சினை தீரவில்லை, காரணங்கள் பல விதம் என்பதால். ஒருவருக்குப் பிறப்பே பதியப்படவில்லை. ஒருவர் தத்துப்பிள்ளை, முறையான பத்திரம் இல்லை. ஒருவரின் பெற்றோர் கோயிலில் தாலி கட்டினார்கள், திருமணத்தைப் பதியவில்லை. 1982 மார்ச் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதியாவிட்டால் பிள்ளை சட்டத்தின் கண்ணில் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தாயின் குடியுரிமை நிலைதான். தாய்க்கு ஐ.சி. இல்லை என்றால் பிள்ளைக்கும் இல்லை, தகப்பன் மலேசியராக இருந்தாலும் சரி.

அந்த அம்மாவின் கதை இதுதான். ஐ.சி. இல்லாததால் திருமணத்தைப் பதிய முடியவில்லை. திருமணம் பதியாததால் பிள்ளைக்குத் தகப்பன் வழி கிடைக்கவில்லை. பள்ளியில் 12 வயதில் கூடப் படிப்பவர்கள் எல்லாம் அடையாள அட்டை எடுக்கப் போகும்போது இந்தப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருந்தது. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட், இவர்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம்.

என் காணொளியில் இதில் எதுவும் இல்லை. 'இந்த மண்ணில் பிறந்தும் ஐ.சி. கொடுக்கவில்லை' என்ற ஒரு வரிதான் இருந்தது. அதைவிட மோசம், அவரும் மருத்துவமனையில் பிறந்தவர் என்று நான் தவறாகச் சொல்லியிருந்தேன். அவசரத்தில் அவர் பிறப்பையும் பிள்ளைகள் பிறப்பையும் குழப்பிவிட்டேன். விண்ணப்பத்துக்கு உதவிய தொண்டூழியர் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "அம்மா சத்தியப் பிரமாணத்தில் லயத்தில் பிறந்ததாகச் சொல்கிறார். நீங்கள் ஊருக்கே வேறு மாதிரி சொல்லியிருக்கிறீர்கள். நாளைக்கு அதிகாரி கேட்டால் என்ன சொல்வது?" என்றார். உணர்ச்சிக்காகச் சொன்ன ஒரு தவறான வரி, ஒருவரின் கோப்பையே சந்தேகத்துக்கு உள்ளாக்கும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

தாமதப் பிறப்புப் பதிவுக்குச் சாட்சி வேண்டும். அவர் பிறந்ததை அறிந்தவர்கள். தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. லயத்து மக்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். இந்த இடத்தில்தான் இணையம் உண்மையில் கை கொடுத்தது. அந்தத் தோட்டத்து முன்னாள் மக்களுக்கென்று ஒரு புலனக் குழு இருந்தது. 200 பேர்கூட இருக்கமாட்டார்கள். அம்மாவிடம் கேட்டு, அவர் சம்மதித்த சொற்களை மட்டும் வைத்து, 40 விநாடி குரல்பதிவு ஒன்று அனுப்பினோம். படம் இல்லை, பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவருடைய அப்பா பெயர், எந்த லயம், எந்த ஆண்டு, யாருக்காவது நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டோம். நான்காம் நாள் ஒருவர் அழைத்தார். அவருடைய பாட்டி படுத்த படுக்கை, ஆனால் நினைவு தெளிவு. அந்தப் பிரசவத்துக்கு வெந்நீர் வைத்தவரே அவர்தான்.

நேயர்களே, இலட்சம் பேர் பார்த்த மூன்று நிமிடக் காணொளி அரிசியைக் கொண்டுவந்தது, வேலையைப் பறித்தது. 200 பேர் கேட்ட 40 விநாடி சாட்சியைக் கொண்டுவந்தது. எத்தனை பேரை எட்டியது என்று எண்ணிப் பழகிய என் தொழிலுக்கு இது பெரிய பாடம்.

அந்தப் பாடத்திலிருந்து நான் வைத்துக் கொண்டிருக்கும் சில வழக்கங்களைச் சொல்கிறேன். உங்களுக்குப் பயன்பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, சம்மதத்தை இரண்டு முறை கேட்கிறேன். பதிவு செய்யும் முன் ஒரு முறை. எடுத்ததைப் போட்டுக் காட்டி, ஓர் இரவு தூங்கி எழுந்த பிறகு ஒரு முறை. அரிசி மூட்டையோடு வாசலில் நிற்பவரிடம் யாரும் 'வேண்டாம்' என்று சொல்லமாட்டார்கள். அது சம்மதம் ஆகாது. இதை உங்கள் முதலாளி பார்ப்பார், பிள்ளையின் ஆசிரியர் பார்ப்பார், பிறகு நானே நினைத்தாலும் முழுதாக அழிக்க முடியாது என்று வாய்விட்டுச் சொல்லிக் கேட்கிறேன்.

இரண்டாவது, பிள்ளைகளைக் காட்டுவதில்லை. 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, குற்ற வழக்கிலோ பாதுகாப்பு தேவைப்படும் நிலையிலோ உள்ள சிறாரின் அடையாளத்தை ஊடகம் வெளியிடுவதைத் தடுக்கிறது. சட்டம் தொடாத இடத்திலும் நாம் அதையே பின்பற்றலாம். முகத்தை மறைத்தால் மட்டும் போதாது. பள்ளிச் சின்னம், வீட்டு எண், குரல், பின்னால் தெரியும் கடைப் பலகை எல்லாமே காட்டிக் கொடுக்கும். தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து உணவகத்தில் வேலை செய்யும் தம்பிகளைப் பற்றிப் பேசும்போது இதை இன்னும் கவனிக்க வேண்டும். அவர்களின் வேலை அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது. சம்பளம் வரவில்லை என்று அவர் பேசுவதை நாம் பகிர்ந்துவிட்டு வீட்டில் தூங்குவோம். அவர் மறுநாள் ஊருக்கு அனுப்பப்படலாம், ஊரில் கடன் அப்படியே நிற்கும்.

மூன்றாவது, ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டு ஊர், பள்ளி, அதிகாரி பெயரைப் போட்டுத் தாக்குவதில்லை. ஆவணத்தைப் பார்க்கிறேன், மறுதரப்பைக் கேட்கிறேன். தவறான தகவல் வெளியானால் முதலில் அடி வாங்குவது பாதிக்கப்பட்டவர்தான். 'பொய் சொன்னவர்' என்ற பெயர் அவருக்குத்தான் ஒட்டும்.

நான்காவது, பணம் என் கணக்குக்கு வராது. என் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பணத்தைச் சுற்றிக் கேள்வி எழுந்தால், பேச்சு பிரச்சினையை விட்டு என்னைப் பற்றி ஆகிவிடும்.

ஐந்தாவது, கருத்துப் பெட்டியைக் காவல் காக்கிறேன். 2024 ஜூலையில் டிக்டோக்கில் அறியப்பட்ட நம் சமுதாயப் பெண் ஒருவர் இணையப் பகடிவதைக்குப் பின் உயிரை மாய்த்துக் கொண்டார். அதில் ஒரு பெண்ணுக்குச் சிறு குற்றச் சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்ட அபராதம் 100 ரிங்கிட். அந்தக் கொதிப்புக்குப் பிறகு தண்டனைச் சட்டத்தொகுப்பில் பகடிவதைக்கெனப் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தன. சட்டம் வந்தது நல்லது. ஆனால் ஒருவரை நாம் மேடையில் ஏற்றினால், கீழேயிருந்து கல் எறிபவர்களை முதலில் தடுக்க வேண்டியவர்கள் நாம்தான். அந்தப் பெட்டியைக் கவனிக்க நேரமில்லை என்றால் பூட்டிவிடுங்கள்.

ஆறாவதாக, மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் போகிறேன். நாட்குறிப்பில் தேதியைக் குறித்துக் கொண்டே பதிவிடுகிறேன்.

'இப்படி எல்லாம் யோசித்துக் கொண்டிருந்தால் சூடு ஆறிவிடும், கத்தினால்தான் இந்த நாட்டில் வேலை நடக்கிறது' என்று ஒரு தம்பி என்னிடம் சண்டைக்கு வந்தார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. முகம் மறைத்த செய்தியை அதிகம் பேர் பகிரமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆபத்து என்றால் காத்திருக்கச் சொல்லவில்லை. ஆனால் அடிபடும் பிள்ளையைப் பார்த்தால் முதலில் அழைக்க வேண்டியது 999 அல்லது 15999 என்ற தாலியான் காசே எண்ணை. காணொளி எடுப்பது அதற்குப் பிறகு. மற்ற விவகாரங்களில், கத்துவதற்கு ஒரு வாரம் பொறுத்தால் எதுவும் குடிமுழுகிப் போகாது. எந்த அதிகாரி முடிவெடுக்க வேண்டுமோ அவர் காதில் விழும்படி கத்தினால் போதும்.

வாய்மை என்பதற்கு வள்ளுவர் தரும் விளக்கத்தை எல்லாரும் பள்ளியில் படித்திருப்போம். யாருக்கும் தீமை விளைவிக்காத சொல்லே வாய்மை என்கிறார். நடந்ததை நடந்தபடி சொன்னாலும், அது ஒரு பெண்பிள்ளையின் பள்ளிப் படிப்பைக் கெடுத்தால் என்ன பயன்?

அந்த அம்மாவின் தாமதப் பதிவு விண்ணப்பத்துக்கு இப்போது ஒரு கோப்பு எண் இருக்கிறது. இன்னும் முடிவு வரவில்லை. பிள்ளைகளுக்கு அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவில் விண்ணப்பித்திருக்கிறார். சிறப்புச் சூழலில் பிள்ளைகளைக் குடிமக்களாகப் பதிய அரசாங்கத்துக்கு அதிகாரம் தரும் பிரிவு அது. அதற்கு வயது வரம்பு உண்டு. மகளுக்கு வயது ஏறிக் கொண்டிருக்கிறது, அதுதான் அவருக்கு ஒவ்வொரு நாளும் கவலை. வேறொரு கடையில் வேலை கிடைத்திருக்கிறது. மகள் மீண்டும் பள்ளிக்குப் போகிறாள். என்னைப் பார்த்தால் இன்றும் உள்ளே போய்விடுவாள். அது என் கணக்கு, நான்தான் சுமக்க வேண்டும்.

இங்கே பேசப் போகிறேன், உங்கள் கதையைச் சொல்லலாமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இரண்டு நாள் கழித்து அவரே அழைத்தார். "பேரு வேணாம், ஊரு வேணாம், பிள்ளைங்க பேச்சே வேணாம்னு நினைச்சேன். மகள்கிட்ட கேட்டேன். பேரு இல்லாட்டி சரிங்கறா. ஆனா எனக்காக ஒண்ணு சொல்லுங்க தங்கச்சி" என்றார். அவர் சொல்லச் சொன்னது இதுதான்:

"கோயில்ல தாலி கட்டினா மட்டும் பத்தாது, ஜே.பி.என். போய் ரெஜிஸ்டர் பண்ணுங்க. பிள்ள பொறந்தா நாள் தள்ளாம சூராட் எடுங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரிஞ்சவங்ககிட்ட குடுத்துப் பாருங்க. தப்பா இருந்தா அன்னிக்கே கேளுங்க."

அவர் சொல்ல விரும்பியதை அவர் சொன்னபடியே உங்களிடம் சேர்த்துவிட்டேன்.